மறைக்காமல் தடுக்கும் மதில்

பாரிமுனையிலிருந்து ராயபுரம் நோக்கி ராஜாஜி சாலையில் போகும்போது வலது கைப் பக்கம் முழுக்கக் கடல்தான். ஆனால் பேருந்தில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படுவது துறைமுகத்தின் மதிலும் கிரேன்களின் உச்சியும் மட்டுமே. அந்தச் சாலைக்கு முன்பு ஃபர்ஸ்ட் லைன் பீச் என்று பெயர். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் எழும்பும்வரை அது நிஜமாகவே கடற்கரைச் சாலையாக இருந்தது.

துறைமுகத்துக்கு மதில் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதே மதில் வட சென்னையில் எல்லாவற்றுக்கும் பழக்கமாகிவிட்டது. பள்ளி மைதானமா, ரயில்வே குடியிருப்பா, ஏரிக்கரையா, மாநகராட்சிப் பூங்காவா, எதுவானாலும் சுற்றிலும் சுவர், அதன்மேல் கம்பி. கடலும் பக்கிங்ஹாம் கால்வாயும் கொசஸ்தலையாறும் ரெட்டேரியும் மாதவரம் ஏரியும் உள்ள பகுதி இது. அப்படியிருந்தும் தெருவில் நடக்கிறவருக்கு ஒரு பச்சையும் தண்ணீரும் கண்ணில் படுவது அபூர்வம். இடம் இல்லாததைவிட, இருக்கிற இடத்தை மதில் மறைப்பதுதான் இதற்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

எல்லையும் வேண்டும், பார்வையும் போகக் கூடாது. இந்தச் சிக்கலுக்கு 300 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். மதிலை மேலே எழுப்பாமல் மண்ணுக்குள் இறக்கினார்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'ஹா-ஹா' என்று பெயர். அது எப்படி வேலை செய்கிறது, எங்கிருந்து வந்தது, நம்மூர் மண்ணுக்கும் மழைக்கும் ஒத்துவருமா என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

அமைப்பு எளிமையானது. தோட்டத்தின் விளிம்பில் ஐந்தடி ஆழத்துக்கு ஒரு பள்ளம். பள்ளத்தின் தோட்டப் பக்கம் நட்டுக்குத்தலான சுவர். சுவரின் தலை தோட்டத்துத் தரை மட்டத்தோடு நின்றுவிடும், ஓர் அங்குலம்கூட மேலே நீட்டாது. வெளிப்பக்கம் சுவர் கிடையாது. சுவரின் அடியிலிருந்து புல் வளர்த்த சரிவு மெல்ல ஏறி, பதினைந்து அடி தள்ளி மறுபடி தரை மட்டத்தைத் தொடும். வெளியே மேயும் மாடு சரிவில் இறங்கி வரலாம், புல்லையும் தின்னலாம். எதிரே ஐந்தடிச் சுவர் நிற்பதால் தோட்டத்துக்குள் ஏற முடியாது. வீட்டு வாசலில் நிற்கிறவருக்கோ சுவரும் தெரியாது, பள்ளமும் தெரியாது. தோட்டத்துப் புல்லும் வெளியே உள்ள வயலும் ஒரே பரப்பாகத் தெரியும்.

எப்படித் தெரியாமல் போகிறது என்பதற்குச் சின்னக் கணக்குப் போதும். சுவரின் விளிம்பிலிருந்து 100 அடி தள்ளி ஒருவர் நிற்கிறார், கண் தரையிலிருந்து 5 அடி உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். கண்ணிலிருந்து விளிம்பைத் தொட்டுச் செல்லும் கோடு 100 அடிக்கு 5 அடிதான் இறங்குகிறது. விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தின் மறுகரைக்குப் போகும் 15 அடியில் அது இறங்குவது வெறும் 9 அங்குலம். ஆகவே ஐந்தடிப் பள்ளத்தில் அவர் கண்ணில் படுவது மறுகரைச் சரிவின் மேல் நுனியில் சுமார் இரண்டடி நீளப் புல் மட்டும். அதுவும் பச்சை, அதற்கு முன்னே உள்ளதும் பச்சை, பின்னே உள்ளதும் பச்சை. கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடாது. அவரே முதல் மாடிக்கு ஏறி 15 அடி உயரத்திலிருந்து பார்த்தால் சரிவில் மேல் ஐந்தடி வரை தெரியலாம். சுவரின் முகம் வெளிப்பக்கம் பார்த்து நிற்பதால் அது எந்த மாடியிலிருந்தும் தெரியாது. ஆனால் விளிம்புக்குப் பத்தடி கிட்டே வந்துவிட்டால் சரிவில் பாதிக்கு மேல் கண்ணில் பட்டு, பள்ளம் இருப்பது தெரிந்துவிடும். நடந்து வந்தவர்கள் திடுக்கிட்டு நின்று வியந்ததால்தான் இதற்கு 'ஹா-ஹா' என்ற பெயர் வந்தது என்று வழக்கமாகச் சொல்வார்கள்.

இந்த யோசனை தோட்டத்தில் பிறந்ததில்லை, கோட்டையிலிருந்து வந்தது. பீரங்கி வந்த பிறகு ஐரோப்பியக் கோட்டைகளில் உயரமான மதில் பயனற்றுப் போனது. உயர்ந்து நிற்பது எதுவோ அதைத்தான் குண்டு முதலில் தகர்க்கும். எனவே சுவரை அகழிக்குள் தாழ்த்தி, வெளியே சரிவான வெற்றுத் தரை விட்டார்கள். எதிரி அந்தச் சரிவில் ஏறி வரும்வரை அவன் கண்ணுக்குச் சுவரின் பெரும்பகுதி படாது. கோட்டைமேல் நிற்கும் பீரங்கிக்காரன் கண்ணுக்கோ தடையே இல்லை. இதே வெட்டுமுகத்தைச் சின்னதாக்கித் தோட்டத்தில் வைத்தால் நாம் பேசுகிற மதில் வந்துவிடும்.

பிரான்சில் 1709-ல் வெளிவந்த தன் தோட்டக்கலை நூலில் தெசாலியே தார்ஷான்வில் இந்த ஏற்பாட்டை எழுதினார். ஜான் ஜேம்ஸ் அதை 1712-ல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். அதற்கு முன்பே, 1690-களில், இங்கிலாந்தின் வடமேற்கில் லெவன்ஸ் ஹால் என்ற மாளிகையில் கீயோம் போமோன் என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர் இதைக் கட்டிவிட்டார். பெரிய அளவில் செய்து காட்டியவர் சார்லஸ் பிரிட்ஜ்மன், பக்கிங்ஹாம்ஷயரின் ஸ்டோ தோட்டத்தில். ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1780-ல் வெளிவந்த தன் கட்டுரையில், தோட்டக்கலையின் போக்கையே மாற்றிய அடி இதுதான் என்று பிரிட்ஜ்மனுக்குப் பெருமை சேர்த்தார். அடுத்து வந்த தோட்ட வடிவமைப்பாளர் வில்லியம் கென்ட் வேலியைத் தாண்டிக் குதித்து இயற்கை முழுவதும் தோட்டமே என்று கண்டார் என்பதும் வால்போல் சொன்னதுதான். அவருக்குப் பின் வந்த தோட்ட வடிவமைப்பாளர் 'கேப்பபிலிட்டி' பிரௌன் காலத்தில் இது பெரிய பண்ணை மாளிகைகளில் சாதாரணமாகிவிட்டது. 19-ம் நூற்றாண்டில் இரும்புக் கம்பி வேலி மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் இவ்வளவு மண் தோண்டப் பலரும் தயாராக இல்லை.

இந்த வரலாற்றில் கசப்பான பகுதியும் உண்டு. பொதுநிலங்களைச் சட்டம் போட்டு வளைத்துத் தனியார் நிலமாக்கிய காலமும் இங்கிலாந்தில் ஏறக்குறைய இதேதான். மாளிகைச் சன்னலிலிருந்து பார்க்கும் பிரபுவுக்கு எல்லைக்கோடே தெரியாது. கண்ணுக்கு எட்டிய மண்ணெல்லாம் தன்னுடையதாகத் தோன்றும். கீழே ஆடு மேய்க்கிறவனுக்கு மட்டும் கருங்கல் சுவர் முகத்துக்கு நேரே நிற்கும்.

மண்ணும் கண்ணும் சம்பந்தப்பட்ட இதே கணக்கில்தான் வட சென்னையின் தெருக்களும் உருவாயின. 1746-ல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது, 1749-ல் ஆங்கிலேயர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அதுவரை புனித ஜார்ஜ் கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டியே இந்தியர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரம் இருந்தது. வீடுகளின் மறைவில் எதிரி கோட்டையை நெருங்கிவிடலாம் என்று அஞ்சி அந்த ஊரையே இடித்துத் தள்ளினார்கள். கோட்டையிலிருந்து பார்வையும் குண்டும் தடையில்லாமல் போவதற்காக வெட்டவெளி விட்டார்கள். எஸ்பிளனேட் என்பது அதுதான். அதற்கு மேல் யாரும் கட்டடம் எழுப்பக் கூடாது என்று 1773-ல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அதில் மிஞ்சிய ஒன்று இன்றும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் அருகே நிற்கிறது. 1892-ல் திறந்த உயர் நீதிமன்றம் நிற்பது அந்த வெட்டவெளியில்தான். அதற்கும் வடக்கே தள்ளப்பட்ட மக்கள் குடியேறிய இடம் இன்றைய ஜார்ஜ் டவுன். 1770-களை ஒட்டி அந்தப் புதிய நகரத்தைச் சுற்றி மதில் எழுந்தது. மதில் கட்டிய செலவை ஈடுகட்ட வரி போடுவது என்ற பேச்சின் எச்சம்தான் வால்டாக்ஸ் ரோடு. அந்த மதிலின் ஒரு துண்டு பழைய சிறைச் சாலையில் மிஞ்சியிருக்கிறது, அதன் மேலேயே பூங்கா அமைத்து மாடிப்பூங்கா என்கிறோம்.

கோட்டைக்காரர்களுக்குப் பார்வை கிடைப்பதற்காக ஒரு ஊரே இடம் பெயர்ந்தது. யாருடைய பார்வைக்காக யார் விலகுவது என்ற கேள்வி இந்தப் பகுதிக்குப் புதிதில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மண்ணுக்குள் இறங்கிய மதிலிலும் முதலில் கேட்க வேண்டியது அதுவே. அதற்கு ஒரு நேரான விதி இருக்கிறது: சரிவு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் இருப்பவரைத்தான் அது தடுக்கும். ஸ்டோ தோட்டத்தில் சரிவு வெளியே மாட்டுப் பக்கம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1867-ல் திறந்த பீச்வர்த், 1871-ல் திறந்த கியூ மனநலக் காப்பகங்களில் சரிவு உள்பக்கம். அங்கே இருந்த நோயாளிகள் சரிவில் இறங்கிப் போனால் ஏற முடியாத உயரச் சுவர். தூரத்திலிருந்து பார்த்தால் வெளியே உள்ள நிலமும் வானமும் தெரியும். ஊர் மக்கள் கண்ணுக்கோ வெளியிலிருந்து அது ஒரு குட்டைச் சுவர். சிறை போலத் தோன்றாமல் சிறையாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம். தோட்டக்காரர்களின் கருணைமிக்க கண்டுபிடிப்பு என்று மட்டும் இதைப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

விலங்குக் காட்சிசாலைகளும் இதே விதிதான். ஜெர்மனியின் ஹாம்பர்க் அருகே ஸ்டெல்லிங்கனில் கார்ல் ஹாகன்பெக் 1907-ல் திறந்த காட்சிசாலையில் கம்பிக் கூண்டுக்குப் பதிலாக அகழி. பார்வையாளர் நிற்கும் பக்கம் நேர்ச் சுவர், விலங்கு இருக்கும் பக்கம் திறந்த வெளி. சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்கில் நம்முடைய பழைய உயிர்க் காலேஜ் இருந்ததையும், அங்கே விலங்குகளைக் கம்பிக்குப் பின்னால் பார்த்ததையும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். 1985-ல் அது வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறந்தபோது கூண்டு போய் அகழி வந்தது. புலிக்கும் நமக்கும் நடுவே கம்பி இல்லை என்று முதல் தடவை போகிற குழந்தை பயந்து நம் கையைப் பிடிக்கும். கொஞ்ச நேரத்தில் பயம் போய்விடும், பார்வை மட்டும் நிற்கும்.

காடு ஓரத்தில் வனத்துறை வெட்டும் யானைத் தடுப்பு அகழியும் இதன் உறவுதான். கோயம்புத்தூர், ஓசூர்ப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கல் கட்டாத வெறும் மண் பள்ளம், 2 முதல் 3 மீட்டர் வரை ஆழம். கல் இல்லாததே அதன் பலவீனம். மழையில் ஓரம் சரியும், யானையும் காலால் மண்ணைத் தள்ளிச் சரித்துக் கடந்துவிடும். பள்ளம் வெட்டுவது சுலபம், நேராக நிற்கும் அந்த ஒரு முகத்தைக் காப்பாற்றுவதுதான் வேலை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

சரி, வட சென்னைக்கு வருவோம். ஒரு மாநகராட்சிப் பூங்காவை எடுத்துக்கொள்ளலாம். இங்கே நாம் தடுக்க நினைப்பது யாரை? தெருவில் திரியும் மாட்டை, ஆட்டை, உள்ளே ஏற்றி நிறுத்தப்படும் பைக்கை. நடந்து வருகிற மனிதரைத் தடுக்க வேண்டிய காரணம் இல்லை, அவருக்காகத்தான் பூங்காவே. ஆகவே சரிவு தெருப் பக்கம் இருக்க வேண்டும், நேர்ச் சுவர் பூங்காவின் விளிம்பில். தெருவில் நடக்கிறவர் ஒரு புல் சரிவையும் அதற்கு அப்பால் கண் மட்டத்துக்குக் கீழே பூங்காவையும் முழுசாகப் பார்ப்பார். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரு தெரியும். மாலையில் தனியாக நடைப்பயிற்சி போகும் பெண்களுக்கு இது அழகு சம்பந்தப்பட்டது மட்டுமில்லை. ஆளுயர மதிலுக்குப் பின்னால் என்ன நடந்தாலும் தெருவுக்குத் தெரியாது. நாலு பேர் கண்ணில் படுகிற பூங்காதான் பாதுகாப்பான பூங்கா.

அது தவிர, இந்தப் பகுதியில் பூங்கா என்பது பூச்செடிக்கு மட்டும் இருந்த இடமில்லை. ராயபுரம் ராபின்சன் பூங்காவில்தான் 1949 செப்டம்பரில் மழையோடு மழையாக தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்தது. தெருவும் பூங்காவும் ஒன்றாகக் கலந்து இருந்ததால் நடந்தவை எத்தனையோ.

ஆனால் சொன்னபடியே ஐந்தடி தோண்டிக் கட்டிவிட முடியாது. முதல் தடை இடம். பதினைந்து அடிச் சரிவு என்றால், 40-க்கு 60 அடி உள்ள ஒரு கிரவுண்டு பூங்காவில் ஒரு பக்கத்துக்கே கால்வாசி இடம் போய்விடும். ஒரு ஏக்கர் சதுரமான பூங்காவில் ஒரு பக்கம் மட்டும் செய்தால் போவது நூற்றுக்கு ஏழு பங்கு. எனவே சின்னப் பூங்காக்களை விட்டுவிடலாம். பெரியவற்றிலும் நாலு பக்கமும் தேவையில்லை, மெயின் ரோடு பார்க்கிற ஒரு பக்கம் போதும்.

இரண்டாவது தடை தண்ணீர். இதைத்தான் ஆங்கிலத் தோட்டப் புத்தகங்கள் லேசாகத் தொட்டுவிட்டுப் போகும், இங்கே இதுவே முக்கால்வாசிப் பிரச்சினை. வட சென்னை தட்டையான நிலம். தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் மணல். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் தரைக்குச் சில அடி வரை ஏறிவிடும், மேலே இருந்து மழை விழாமலே பள்ளத்தில் ஊற்று எடுக்கும். கொளத்தூர், மாதவரம் பக்கம் பல இடம் பழைய ஏரிப்படுகை. களிமண், விழுந்த மழை இறங்காது. இரண்டு இடத்திலும் ஐந்தடிப் பள்ளம் என்பது மார்கழி வரை ஒரு குட்டை. கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே பள்ளத்தில் விழுந்த தண்ணீர் மூன்று நாலு நாளில் வடிந்தே ஆக வேண்டும். வடிய வேண்டும் என்றால் பள்ளத்தின் அடித்தளம் தெருவோர மழைநீர் வடிகாலின் அடித்தளத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும். நம் தெரு வடிகால்களோ பெரும்பாலும் ஆழம் குறைந்தவை. ஐந்தடி தோண்டினால் வடிகாலிலிருந்துதான் பள்ளத்துக்குத் தண்ணீர் வரும், பள்ளத்திலிருந்து வடிகாலுக்குப் போகாது.

மூன்றாவது, அந்தச் சுவர். சாதாரணக் காம்பவுண்டு சுவர் தன் எடையையும் காற்றையும் தாங்கினால் போதும். இது ஒரு பக்கத்து மண்ணை முதுகில் சுமக்கும் சுவர். காய்ந்த மண் தள்ளும் அழுத்தத்தைவிட, பின்னால் தண்ணீர் ஊறி நின்றுவிட்டால் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். மழைக்காலத்தில் இந்த மாதிரிச் சுவர்கள் சரிவது பெரும்பாலும் இதனால்தான். கருங்கல்லில் கட்டினால் ஐந்தடி உயரத்துக்கு அடியில் இரண்டரை, மூன்றடி அகலம் வேண்டும். சுவர் முழுக்க நாலைந்து அடிக்கு ஒன்றாக இரண்டு மூன்று அங்குல பி.வி.சி. குழாய் வெளிப்பக்கம் சாய்வாகப் பதிக்க வேண்டும். அதற்குப் பின்னால் மண் வந்து அடைக்காதபடி ஜல்லி நிரப்ப வேண்டும். மேஸ்திரி அவசரத்தில் விட்டுவிடுகிற வேலை இந்த ஜல்லிதான், கண்காணிக்கிறவர் பார்க்க வேண்டியதும் இதையேதான். அப்புறம் அரசங்கன்று. சென்னையில் எந்தக் கல் இடுக்கிலும் அது முளைத்துவிடும். விரல் பருமனில் இருக்கும்போது பிடுங்காவிட்டால் வேர் உள்ளே போய்க் கல்லைப் பெயர்த்துவிடும்.

நாலாவது குப்பை. இதை மழுப்பக் கூடாது. நம் ஊரில் ரோட்டோரம் ஒரு பள்ளம் இருந்தால் ஒரு வாரத்தில் அதில் கவரும் டம்ளரும் சேரும். இங்கிலாந்தில் அந்தச் சரிவு ஆடு மேயும் தனியார் நிலம், இங்கே அது நடைபாதையின் ஓரம். யாருக்கும் சொந்தமில்லாத பள்ளமாக விட்டால் குப்பைத்தொட்டியாகவே முடியும்.

இந்த நாலையும் சேர்த்து யோசித்தால் ஐந்தடியை முழுக்க மண்ணுக்குள் இறக்காமல் பாதிப் பாதியாகப் பிரிப்பதே நமக்குச் சரியாக வரும். தெருப் பக்கம் இரண்டரை அடி மட்டும் தோண்டி, ஏழரை அடி அகலத்தில் சரிவு விடலாம். தோண்டிய மண்ணை அங்கேயே சுவருக்கு உள்பக்கம் கொட்டி, விளிம்பில் இரண்டடி உயரமாக ஆரம்பித்துப் பத்தடியில் பூங்காத் தரையோடு கலக்கும் மேடாக்கலாம். ஒரு அடி நீளத்துக்குத் தோண்டும் மண் ஒன்பது கன அடிக்குக் கொஞ்சம் மேல், மேட்டுக்குத் தேவைப்படுவது பத்து கன அடி. ஏறக்குறைய கணக்கு நேராகிவிடுகிறது, மண்ணை லாரியில் அனுப்ப வேண்டிய செலவு இல்லை. 200 அடி நீளத்துக்கு முழு ஐந்தடிப் பள்ளம் என்றால் 75 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) மண்ணை அப்புறப்படுத்த வேண்டியிருக்கும், அதாவது மூன்று யூனிட் லாரியில் 25 நடை.

இப்படிச் செய்தால் தெருவிலிருந்து பள்ளத்தில் இறங்கிய மாட்டுக்கு எதிரே நாலரை அடிச் சுவர் நிற்கும். பள்ளம் இரண்டரை அடிதான் என்பதால் பல தெருக்களில் வடிகாலோடு இணைக்க முடியும். பார்வையும் பெரிதாகக் கெடாது. நடைபாதையில் நிற்கிறவர் கண் ஐந்தடியில், மேட்டின் தலை இரண்டடியில். மேட்டுக்கு அப்பால் உள்ள புல், மரம், ஆள் எல்லாம் தெரியும். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் சின்னக் குழந்தைக்கும் அந்த இரண்டடி கொஞ்சம் மறைக்கும், அது இந்த ஏற்பாட்டின் குறை. உள்ளேயிருந்து மேட்டில் ஏறி விளிம்புக்கு வரும் குழந்தை நாலரை அடி விழக் கூடாது என்பதும் முக்கியம். விளிம்பில் மூன்றடி விட்டு இட்லிப்பூச் செடியை நெருக்கமாக முழங்கால் உயரத்துக்கு வளர்த்தால் குழந்தையும் நெருங்காது, கண்ணுக்கும் அது தோட்டத்தின் பகுதியாகவே தெரியும்.

சரிவில் அருகம்புல், அடியில் ஒரு வரிசை வெட்டிவேர். வெட்டிவேரின் வேர் பக்கவாட்டில் படராமல் நேராகக் கீழே பல அடி இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். சரிவின் நடுநடுவே மூன்று நாலு கல் படிகள் போட்டுவிட்டால் மாலையில் ஆட்கள் உட்காருவார்கள். ஆள் உட்காருகிற இடத்தில் குப்பை குறையும், முழுக்கப் போகாது என்றாலும். கோயில் குளத்தில் நம் முன்னோர்கள் செய்ததும் இதுதானே. திருவொற்றியூர் போன்ற பழைய கோயில் ஊர்களில் குளத்துக்கு எல்லை கீழ்நோக்கி இறங்கும் படிக்கட்டுதான். தரை மட்டத்தில் நிற்கிறவருக்குத் தண்ணீர் முழுக்கத் தெரியும். ஆழத்தில் விழாமல் காப்பதும் படிதான், உட்கார இடமும் படிதான்.

மாநகராட்சி கடந்த சில ஆண்டுகளில் பூங்காக்களுக்குள் ஸ்பாஞ்ச் பூங்கா என்ற பெயரில் மழைநீர் தேங்கி இறங்கும் தாழ்ந்த பள்ளங்களை வெட்டிவருகிறது. அந்தப் பள்ளம் பூங்காவின் நடுவில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மணல் பாங்கான இடங்களில் அதையே தெருவோர எல்லைக்குக் கொண்டுவந்து ஒரு முகத்தில் கல் கட்டினால், ஒரே தோண்டலில் மழைநீர்ச் சேகரிப்பும் எல்லையும் கிடைத்துவிடும். இரண்டுக்கும் தனித்தனியாக மதிப்பீடு போட்டு, ஒரு பக்கம் பள்ளம் வெட்டி மறுபக்கம் மதில் எழுப்புவது எனக்குப் பெரிய வீணாகத் தெரிகிறது.

ஏரிக்கரைகளில் கணக்கு வேறு. கரை ஏற்கெனவே மேடு. கீழே தெருவில் நிற்கிறவருக்குத் தண்ணீர் தெரியாது, கரைமேல் ஏறினால் தெரியும். அங்கே போய்க் கரையின் தலையில் கம்பி வேலி நடுவதுதான் தவறு. கரையைத் தோண்டுவது அதைவிடப் பெரிய தவறு. மண் கரையில் பள்ளம் வெட்டினால் கரை உடையும் ஆபத்து உண்டு. வேலி தேவைப்பட்டால் அதை வெளிச்சரிவின் பாதியில் இறக்கி வைக்கலாம். கரைமேல் நடக்கிறவர் கண்ணுக்கு அது கீழே போய்விடும். ஒரு கல்லும் பெயர்க்காமல் கிடைக்கிற பலன் இது.

கடற்கரைக்கு இந்த யோசனையை நீட்டக் கூடாது. துறைமுகத்தின் அலைத்தடுப்பு வந்த பிறகு தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது, வடக்கே கரை அரித்துக்கொண்டே போனது. ராயபுரத்திலிருந்து எண்ணூர்ப் பக்கம் வரை கொட்டிய பாறைகள் வீடுகளைக் காப்பாற்றுவதற்காக. அதன் உயரம் அலையைப் பொறுத்தது, பார்வையைப் பொறுத்து அதைக் குறைக்க முடியாது. அங்கே செய்யக்கூடியது பாறைகளுக்குப் பின்னால் நடைபாதையை உயர்த்துவது.

பெரிய பாதுகாப்புத் தேவை இருந்தால் உயரச் சுவர்தான் வழி என்பாருக்கு ஒரு உதாரணம். 2001-க்குப் பிறகு வாஷிங்டன் நினைவுத்தூணைச் சுற்றி வண்டிகள் நுழையாதபடி தடுப்பு வேண்டும் என்று வந்தபோது, உயர வேலி போடாமல், வளைந்து செல்லும் நடைபாதைகளின் ஓரமாகக் குட்டையான கிரானைட் தாங்குசுவர்களைச் சரிவோடு சரிவாக 2005-ல் அமைத்தார்கள். உட்கார்வதற்கும் அதுவே திண்ணை. வெடிகுண்டு வண்டியைத் தடுக்க அது போதும் என்றால், ஒரு பூங்காவுக்குள் பைக் வராமல் தடுக்க ஏழடி மதில் எதற்கு?

யாராவது ஒரு வார்டில் இதைச் செய்து பார்க்க முன்வந்தால், வரைபடத்துக்கு முன் இரண்டு அளவு எடுக்க வேண்டும். கார்த்திகை மாதம் பெருமழை விட்ட மறுநாள் அந்த இடத்தில் இரண்டடிக் குழி தோண்டி, தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது, எத்தனை நாளில் இறங்குகிறது என்று பார்ப்பது ஒன்று. பக்கத்து வடிகாலின் மூடியைத் தூக்கி, அதன் அடித்தளம் நடைபாதையிலிருந்து எத்தனை அடி கீழே என்று டேப்பில் அளப்பது இன்னொன்று. குழித் தண்ணீர் நாலு நாளில் இறங்காமல், வடிகாலும் மூன்றடிக்குக் குறைவாக இருந்தால் அந்த இடத்தில் தோண்ட வேண்டாம். மண்ணை வெளியிலிருந்து கொண்டுவந்து மேட்டை மட்டும் போட்டு, தெருப் பக்கம் இரண்டரை அடிச் சுவரும் அதன் தலைக்குப் பின்னால் இட்லிப்பூ வரிசையும் வைத்தால் போதும். ஆடு ஒன்றிரண்டு ஏறிவிடும், மாடும் பைக்கும் பெரும்பாலும் ஏறாது.